சிரிப்பும் இரவலா?

பொம்மைப் படத்தைப் பற்றி எழுத ஓர் இலக்கியத் திங்களிதழில் இடமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். தமிழன் எதற்கு அழுகிறான் என்பதைப் பற்றி நம்மவர் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒப்பாரிக்குத் தொகுப்பு உண்டு. கையறுநிலைக்கு ஆராய்ச்சி உண்டு. அவன் எதற்குச் சிரிக்கிறான் என்று கேட்டால் மட்டும் புலவர் பெருமக்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டையும் எண்ணத் தொடங்கியபோது நகையைத்தான் முதலில் நிறுத்தினார். பிறரை எள்ளுவதால் வரும் நகை ஒன்று, சிறு பிள்ளைத்தனத்தால் வருவது ஒன்று, பேதைமையால் ஒன்று, மடமையால் ஒன்று என்று அதற்கு நான்கு ஊற்றுக்கண்களையும் காட்டிச் சென்றார். இந்த நான்கில் எதை இன்று நம் பிள்ளைகளுக்குப் பருகக் கொடுக்கிறோம் என்பதே நம் கேள்வி. திருவையாற்றுத் தெருக்களில் மாலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி சிரித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

பெட்டிக்குள் சிரித்துக்கொண்டிருப்பவர்களில் இருவரை எடுத்துக்கொள்வோம். மோட்டு, பட்லு என்று பெயர். ‘லோட்போட்’ என்ற இந்திச் சிறுவர் இதழில் சித்திரக் கதையாக நெடுங்காலம் உலவிய இவர்கள், 2012 அக்டோபரில் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடராக நடமாடத் தொடங்கினர். 2016-ல் வெள்ளித்திரைக்கும் போய் வந்தார்கள். ஒருவன் குண்டன், மற்றவன் ஒல்லி. இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். குண்டனுக்கு வயிறே உலகம். ஒல்லிக்கு யோசனையே தொழில். வயிறு காலியாயிருந்தால் குண்டனுக்கு மூளை வேலை செய்யாது. சமோசா உள்ளே போய்விட்டாலோ மலையைப் பெயர்ப்பான், பகைவரைப் பந்தாடுவான். அவர்கள் வாழும் ஃபுர்ஃபுரி நகரில் எதுவும் நடக்கும். விஞ்ஞானி ஜட்கா ஒரு கருவி செய்வார், அது கெடும், கெட்டதும் ஊரே வானத்தில் பறக்கும். எல்லா வேலையிலும் தனக்கு இருபது ஆண்டு அனுபவம் என்று கசீட்டாராம் என்பவர் பீற்றிக்கொள்வார். ஜான் என்பவன் பெரிய தாதாவாக வேண்டுமென்று அத்தியாயந்தோறும் புறப்பட்டு அத்தியாயந்தோறும் அடிபட்டுத் திரும்புவான்.

இதில் என்ன கேடு? நாம் கேடென்று சொல்லவே இல்லை. பொருந்தாத இருவர் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்து, நாளெல்லாம் சண்டையிட்டு, ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாதிருப்பது நல்ல கதைதான். மனித குலம் இந்தக் கதையில் சலிப்படைந்ததே இல்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கார்ட்டூன் தொடங்கியது. அதில் ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கும் நண்பர் மூவர் யாரென்றால் ஒரு கோப்பை மில்க் ஷேக், ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், ஓர் இறைச்சி உருண்டை! மில்க் ஷேக் சோம்பேறி, தற்பெருமைக்காரன், வறுவல் அறிவாளி, இறைச்சி உருண்டை ஒன்றுமறியாப் பிள்ளை. அடுத்த வீட்டுக்காரரின் நீச்சல் குளத்தை இவர்கள் பாழாக்குவதைத் தவிர அதில் பெரும்பாலும் வேறு காரியமில்லை. இதைக் குழந்தைகளுக்காக எடுக்கவில்லை. நள்ளிரவில் விழித்திருக்கும் வயது வந்தவர்களுக்காகத்தான் எடுத்தார்கள். நம் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னால், “இதென்ன பைத்தியக்காரத்தனம்! தின்பண்டம் பேசுமா?” என்பார். அப்படிக் கேட்கிறவர் குதிரை முட்டையிட்ட கதையை மறந்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிறோம்.

நம் வழக்கு வேறு. மோட்டு பட்லுவின் ஊரில் ஒரு காவல் அதிகாரி இருக்கிறார். பெயர் இன்ஸ்பெக்டர் சிங்கம். காட்டரசனைக் குறிக்கும் சிங்கம் என்று எண்ண வேண்டாம்; வாயில் மெல்லுகிறோமே, அந்தச் சூயிங்கம். மூலமான இந்தியில் அவர் பேசும் பேச்சு தென்னாட்டு உச்சரிப்பு இந்தி. நடை, கண்ணாடி, கை வீச்சு எல்லாம் நம் ரஜினிகாந்தின் பாணி. அவர் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டால், மரமே இல்லாத இடத்திலும் தேங்காய் ஒன்று வந்து தலையில் விழும். அவர் வாய்ச்சவடாலுக்கும் அவர் பிடிக்கும் திருடர்களின் தொகைக்கும் தொடர்பே இல்லை. தேங்காய், வீராப்பு, தடுமாறும் இந்தி இம்மூன்றையும் கூட்டினால் வடநாட்டுச் சிறுவனுக்குத் தென்னாட்டான் கிடைத்துவிடுகிறான்.

இது புதிதா? 1968-ல் வெளிவந்த ‘படோசன்’ என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற வேடம் நினைவிருக்கிறதா? மாஸ்டர் பிள்ளை என்ற தென்னாட்டுச் சங்கீத வாத்தியார். குடுமியும் நெற்றிப் பட்டையுமாக, உடைந்த இந்தியில், காதலில் தோற்பதற்காகவே படைக்கப்பட்டவர். மெஹ்மூத் பெருங்கலைஞர்; அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. தியாகராசர் வாழ்ந்து மறைந்த ஊரில், ஆண்டுதோறும் தை மாதக் குளிரில் காவிரிக் கரைப் பந்தலில் ஆராதனை நடக்கும் ஊரில், நின்று அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு தொண்டையில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அங்கே நகைப்புக்கு இலக்கானது அந்த மனிதரின் முட்டாள்தனம் மட்டுமா? ஒரு சங்கீதமும் ஒரு நாக்கும் அல்லவா சேர்ந்து இலக்காயின? மாஸ்டர் பிள்ளை போனார், இன்ஸ்பெக்டர் வந்தார். சங்கீதம் போய்த் தேங்காய் வந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் நாம் கண்ட வளர்ச்சி இதுதான்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். இந்தத் தொடரை அப்படியே தமிழில் பேசவைத்து நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். தமிழ்ச் சாயலில் இந்தி பேசுவதே ஒருவரைப் பற்றிய நகைச்சுவை என்றால், அவர் தமிழே பேசத் தொடங்கியபின் அந்த நகைச்சுவை எந்தக் காலில் நிற்கும்? அவரை எந்தத் தமிழில் பேசவைத்தாலும் அது நொண்டும். ஆனால் தேங்காய் மட்டும் தவறாமல் விழுகிறது. திருவையாற்றுச் சிறுவன் தேங்காயைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறான். அடி வாங்கியது தன் மாமன் தலை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிவிக்கவும் ஆளில்லை.

பெயர்களின் கதியும் இதுவே. மோட்டு என்றால் இந்தியில் குண்டன். பட்லு என்றால் ஒல்லியன். இந்திக் குழந்தைக்குப் பெயரைக் கேட்டதுமே பாதிச் சிரிப்பு வந்துவிடும். தமிழ்க் குழந்தைக்கு அவை வெறும் ஓசைகள். ஜட்கா என்றால் இந்தியில் திடீர் அதிர்ச்சி, தூக்கிவாரிப்போடுவது; கருவி வெடிக்கும் விஞ்ஞானிக்கு அது நல்ல பெயர். நம் பாட்டனாருக்கோ ஜட்கா என்றால் குதிரை வண்டி. தஞ்சாவூர் ரயிலடியில் அவர் ஏறி வந்த வண்டி. பேரன் ‘டாக்டர் ஜட்கா’ என்று கூவும்போது, “குதிரைக்கு என்னடா நோய்?” என்று ஒரு முதியவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்தக் கேள்வியில் உள்ள நகைச்சுவை அன்றைய அத்தியாயம் முழுவதிலும் இருந்திராது என்பது நம் எண்ணம்.

ஏன் இப்படி நடக்கிறது? காரணம் வஞ்சகமும் இல்லை, மர்மமும் இல்லை. காட்சி ஒன்று, ஒலித்தடம் பல. படத்தை ஒருமுறை வரைந்துவிட்டால் தமிழ், தெலுங்கு என்று வேண்டிய மொழிகளில் குரலை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். வரைவதற்கு ஆகும் பொருளோடு ஒப்பிட்டால் குரல் ஏற்றுவதற்கு ஆகும் பொருள் சொற்பம். விளம்பரக்காரரும் ஒரே படத்தால் எல்லா மாநிலத்துக்கும் பிஸ்கோத்து விற்றுக்கொள்கிறார். குரல் கொடுக்கும் கலைஞர்களைப் பற்றி நாம் ஒரு சொல்லும் குறைத்துச் சொல்ல மாட்டோம். வாய் திறந்து மூடும் அந்த இரண்டு நொடிக்குள் ஒரு தமிழ் வாக்கியத்தை மடித்து வைக்கும் வித்தை எளிதன்று. ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்படும் தமிழ் எந்த ஊர்த் தமிழ்? தஞ்சைத் தமிழும் இல்லை, நெல்லைத் தமிழும் இல்லை, சென்னைத் தமிழும் இல்லை. ஊரில்லாத தமிழ். ஊரில்லாத தமிழில் நியாயம் பேசலாம், விண்ணப்பம் எழுதலாம். வயிறு குலுங்கச் சிரிக்க முடியுமா?

மொழிமாற்றமே கூடாதென்று நாம் வாதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். இரவலை நாம் என்றும் வெறுத்ததில்லை. அந்தச் சமோசாவையே எடுத்துக்கொள்வோமே! அது பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் சம்பூசக் என்று பெயர் பெற்று, வணிகரோடும் சமையற்காரரோடும் இந்தியாவுக்குள் வந்த பண்டம். முகம்மது பின் துக்ளக்கின் அரண்மனை விருந்தில் அது பரிமாறப்பட்டதை இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். டில்லியில் அதற்குள் உருளைக்கிழங்கு புகுந்தது பிற்காலத்தில். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு வெங்காயத்தை வைத்தோம், அளவைச் சுருக்கினோம், மேல்மாவை மெல்லிதாக்கினோம். நோன்பு திறக்கும் மாலையில் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை எடுத்துவைக்கும்போது அது பாரசீகப் பண்டம் என்ற நினைப்பு யாருக்கு வருகிறது? பூரணத்தை மாற்றினோம், பண்டம் நம்முடையதாயிற்று.

கதைகளிலும் இதைச் செய்து காட்டியவர்கள் நம்மிடையே உண்டு. பாக்தாத் வணிகன் சிந்துபாத், ‘தினத்தந்தி’யில் 1960-ல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ச் சித்திரத் தொடரில் தமிழனாகவே ஆகிவிட்டான். மந்திரத்தால் சுருங்கிப்போன லைலாவைச் சுமந்துகொண்டு அவன் நடக்கும் நடைக்கு முடிவே இல்லை. முடிவில்லாத எதையும் ‘கன்னித்தீவு’ என்று சொல்வது நம் பேச்சு வழக்காகிவிட்டது. ‘அம்புலிமாமா’வில் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தை ஓவியர் சங்கர் வரைந்தாரே, அதைவிடப் பொருந்தாத இரட்டையர் உண்டா? ஒருவன் பேசக்கூடாது, மற்றது பேசாமலிருக்காது. அண்மைக் காலத்துக்கு வந்தால், 2007-ல் சுட்டி டிவி தொடங்கியபின் ஒளிபரப்பான டோராவைச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சிறுமிதான். ஆனால் அவளுடைய குரங்குத் தோழன் இங்கே புஜ்ஜி ஆனான். திருட வரும் நரி குள்ளநரி ஆயிற்று. பெயர் மாறியதும் பிள்ளைகள் அவர்களைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிறு உழைப்பைக்கூட மோட்டுவுக்கும் பட்லுவுக்கும் யாரும் செய்யவில்லை. மேல்மாவை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழைய பூரணத்தையே வைத்து நீட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். “இந்திக்காரன் தமிழனைக் கேலி செய்கிறான் என்கிறீர்களே, தமிழன் யாரையும் கேலி செய்ததில்லையா?” செய்திருக்கிறான், நன்றாகவே செய்திருக்கிறான். தமிழ்ப் படத்தில் வட்டிக்கடைச் சேட்டு வாயைத் திறந்தால் ‘நம்பள், நிம்பள்’ என்றுதான் பேச வேண்டும். மலையாளி தேநீர்க் கடையை விட்டு எழக்கூடாது. இவர்களுக்குப் பக்கத்திலேயே நம்மையும் நிறுத்தினார்களே! கைலியும் தொப்பியும் தாடியுமாக ஒரு பாய் மேடைக்கு வருவார். வந்ததும் ‘அரே’ என்று தொடங்கி, அதே ‘நம்பள், நிம்பள்’ தமிழைப் பேசுவார். எந்த ஊரில் அப்படிப் பேசுகிறார்கள்? தொட்டிலில் தமிழ் கேட்டு, தமிழில் கனவு கண்டு, உமறுப்புலவரையும் குணங்குடி மஸ்தானையும் தந்த ஒரு சமுதாயத்தின் வாயில் அந்தத் தமிழை யார் வைத்தது? சக்கராப்பள்ளியிலோ அய்யம்பேட்டையிலோ ஒரு பெரியவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் வசனம் எழுதியவருக்கு நல்ல தஞ்சைத் தமிழ் கிடைத்திருக்கும். அவருக்கு அது தேவைப்படவில்லை. சிரிப்பு வந்தால் போதுமென்றிருந்தார். ஆகவே இன்ஸ்பெக்டர் தலையில் தேங்காய் விழும்போது நமக்கு வலிக்கிறதென்றால், அது பழக்கப்பட்ட வலி. தமிழரென்ற முறையில் இன்று வாங்குகிற அடியைத் தமிழ் மேடையிலேயே நாம் முன்னரே வாங்கியவர்கள். ஜான் என்ற பெயரைத் திருடனுக்கு வைத்ததையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறோம். அந்தப் பெயருடைய பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பான் என்ற நினைப்பு எழுதியவருக்கு வரவில்லை போலும்.

எள்ளல் நகைக்கு ஓர் இயல்பு உண்டு. ஒலிபெருக்கி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது பணி செய்யும். பேதைமையாலும் மடமையாலும் பிறக்கும் நகைக்கு அப்படி ஓர் எசமானன் கிடையாது. அறிவின் பாதையில் முறையாக அடியெடுத்து வைத்து முறையாகக் கிணற்றில் விழுகிற ஒருவனைப் பார்த்து எந்த ஊராரும் சிரிக்கலாம். அவனும் சேர்ந்து சிரிக்கலாம். முல்லா நஸ்ருத்தீன் துருக்கியில் பிறந்தாரா, பாரசீகத்தில் பிறந்தாரா என்று அறிஞர்கள் சண்டையிடுகிறார்கள். உணவின் மணத்துக்கு விலை கேட்டவனுக்குக் காசின் ஓசையைக் கொடுத்த அவர் தீர்ப்புக்குச் சிரிக்க அந்தச் சண்டை முடிய வேண்டியதில்லை. ‘கரகாட்டக்காரன்’ 1989-ல் வந்தது. அதில் கவுண்டமணிக்கும் செந்திலுக்கும் இடையே நடந்த வாழைப்பழ வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்தவருக்கு ஒரு பழம்தான் வந்தது. மற்றொன்று எங்கே என்றால், கையிலிருக்கும் அதுவேதான் மற்றொன்று என்கிறான் எதிரி! தருக்க சாத்திரம் படித்த நையாயிகர்களும் அங்கே வாயடைத்துப் போவார்கள். செந்தில் எந்தச் சாதி, எந்த ஊர், எந்த உச்சரிப்பு என்று கேட்டா நாம் சிரித்தோம்?

இந்த வகை நகைக்குத் தமிழ் உரைநடையில் முதன்மையான நூல் ஒன்று எங்கே பிறந்தது தெரியுமா? திருவையாற்றிலிருந்து அரியலூர் சாலையில் போய்க் கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருமானூர் வரும். அங்கிருந்து சற்றுப் போனால் ஏலாக்குறிச்சி. 1680-ல் இத்தாலியில் பிறந்து 1747-ல் மறைந்த பெஸ்கி என்ற பாதிரியார் அங்கே தங்கி வீரமாமுனிவர் ஆனார். சதுரகராதி செய்தவர், தேம்பாவணி பாடியவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். ‘பரமார்த்த குருவின் கதை’யைச் செய்தவரும் அவரே. 1822-ல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதை லண்டனில் அச்சிட்டார். எட்டுக் கதைகள். ஒரு குரு, ஐந்து சீடர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயர். ஆறு பேரும் ஒரு மடத்தில் குடியிருக்கிறார்கள்.

மோட்டுவும் பட்லுவும் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். ஆற்றைக் கடக்க வேண்டும்; ஆறு விழித்திருந்தால் ஆளை விழுங்கிவிடும் என்ற அச்சம். ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான், சுர்ரென்று புகைகிறது. ஆறு விழித்திருக்கிறது! பிறகு வந்து, அணைந்துபோன அதே கட்டையைத் தோய்க்கிறார்கள்; ஓசையில்லை. ஆறு தூங்கிவிட்டது! கடந்தபின் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டு எண்ண, ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகை. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது புதரில் விழுந்து உடைய, உள்ளிருந்த முயல் மிரண்டு ஓட, குட்டி தப்பிவிட்டதென்று துரத்துகிறார்கள். வெயிலுக்கு மாட்டின் நிழலில் ஒதுங்கினால் மாட்டுக்காரன் நிழலுக்குத் தனி வாடகை கேட்கிறான். விழுந்ததில் எதை எதை எடுக்க வேண்டுமென்று ஓர் ஓலையில் குரு எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு குருவே விழுந்துவிடுகிறார். ஓலையில் குருவின் பெயர் இல்லையாகையால் சீடர்கள் அவரை எடுக்க மறுத்து நிற்கிறார்கள். அரசாங்க அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைந்த எவரும் இந்த இடத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பாரா, அழுவாரா? இருக்கை குளிர்ந்தால் மரணம் என்று புரோகிதன் சொன்னதை நம்பியே கடைசியில் அவர் சாகிறார்.

இந்த நூலைப் பற்றியும் முணுமுணுப்பு உண்டு என்பதை நாம் அறிவோம். அயல்நாட்டுப் பாதிரியார் ஒருவர் நம் நாட்டு மடங்களையும் குருமாரையும் ஏளனம் செய்ய எழுதியது அன்றோ, அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறீர்கள் என்பர். ஏளனம் அதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நூலைத் திறந்து பாருங்கள். அதில் யாருடைய உச்சரிப்பும் கேலிக்கு ஆளாகவில்லை. யாருடைய உணவும் உடையும் தலையில் வந்து விழவில்லை. தெருவிலும் திண்ணையிலும் வழங்கிய தமிழை இருபது முப்பது ஆண்டு காதால் வாங்கி, அந்தத் தமிழிலேயே, தமிழர் சிரிப்பதற்கென்று எழுதினார். சிரிப்பு முழுவதும் சிந்திக்கும் முறையைப் பற்றியது. அன்றைக்கு ஐரோப்பியனை நம்மவர் மிலேச்சன் என்றுதான் அழைத்திருப்பார்கள். அந்தப் பெயரை ஐந்து முட்டாள்களில் ஒருவனுக்கு வைத்தபோது பாதிரியார் தமக்குள் சிரித்துக்கொண்டாரோ என்று நமக்கு ஓர் ஐயமும் உண்டு. எப்படியாயினும், மூன்று நூற்றாண்டாகப் பாட்டிகள் எழுதியவர் பெயரே தெரியாமல் இந்தக் கதைகளைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டார்கள். பூரணம் நம்முடையதாகி வெகுகாலம் ஆயிற்று.

இத்தகைய செல்வத்தைத் தமிழ்ப் பெரியோர் என்ன செய்தார்கள்? பாடநூலில் ஒரு கதையைச் சுருக்கிப் போட்டு, அடியில் ‘நீதி’ என்று ஒரு வரியை ஒட்டினார்கள். ‘ஆராயாமல் எதையும் நம்பாதே’ என்று! குதிரை முட்டைக்கும் நீதி! பத்து வயதுப் பிள்ளை முயலின் பின்னால் ஓடுகிற மூடனோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி, ‘இதிலிருந்து நீ அறிவது என்ன?’ என்று கேட்பவரை விட்டு அந்தப் பிள்ளை ஃபுர்ஃபுரி நகருக்கு ஓடாமல் வேறெங்கே ஓடும்? கார்ட்டூன் பிள்ளைகளைக் கெடுக்கிறதென்று மேடையில் முழங்கும் பெரியவர்களிடம் நமக்குள்ள சினம், படம் எடுத்தவர்களிடம் உள்ளதைவிடக் கூடுதல். அவர்கள் விற்றார்கள், கடை அவர்களுடையது. இவர்களோ நம் கடையை அடைத்துச் சாவியைத் தொலைத்தவர்கள்.

படமாக்கத் திறமை இல்லையென்ற சாக்கும் செல்லாது. சென்னையிலிருந்த பென்டாமீடியா நிறுவனம் 2000-லேயே பாண்டவர் கதையையும் சிந்துபாத் கதையையும் முழுநீள அனிமேஷன் படங்களாக எடுத்துவிட்டது. 2007-ல் ‘இனிமே நாங்கதான்’ தமிழில் வந்தது, இளையராஜாவே இசையமைத்தார். ‘கோச்சடையான்’ 2014-ல் வந்தது. இவற்றில் எது ஓடியது எது ஓடவில்லை என்ற கணக்கு நமக்கு வேண்டாம். வரையத் தெரியும், அசைக்கத் தெரியும் என்பது மெய்ப்பட்டுவிட்டது. ஐதராபாத்தில் கிரீன் கோல்டு நிறுவனம் 2008-ல் ‘சோட்டா பீம்’ என்று ஒரு சிறுவனைப் படைத்து, அவன் கையில் லட்டுவைக் கொடுத்து, நாடு முழுதும் நடத்திக் காட்டியது. ஐதராபாத்தால் முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை? நம்மவர் பெரும்படம் எடுத்தார்கள். பாரதமும் பேரரசனும் போர்க்களமும் வேண்டியிருந்தது. ஒரு வீடு, இரண்டு முட்டாள்கள், ஒரு தேநீர்க் கடை என்று சிறியதாய் நினைக்க அவர்களுக்குக் கூச்சம்.

திருவையாற்றில் அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்வது அவ்வளவு கடினமா? சந்துக்குள் ஓர் ஓட்டு வீடு. வாடகைக்கு இருவர். ஒருவர் மிருதங்கம் கற்க வந்து பதினைந்து ஆண்டாகக் கற்றுக்கொண்டிருப்பவர். மற்றவர் பம்புசெட்டு பழுது பார்ப்பவர், பகலில் உறங்கியே தீர வேண்டியவர். முதலாமவருக்கு அசோகா உள்ளே போனால்தான் தாளம் நிற்கும். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த நம் அசோகாவுக்கு உருளைக்கிழங்குச் சமோசாவைவிட மலையைப் பெயர்க்கும் ஆற்றல் கூடுதல் என்பதில் இந்த வட்டாரத்தில் எவருக்கும் ஐயமில்லை. இவர்கள் தஞ்சைத் தமிழில் சண்டை போடட்டும். அடுத்த வீட்டு அத்தா அவருடைய இயல்பான தமிழில் தீர்ப்புச் சொல்லட்டும். அவருடைய தீர்ப்பும் கோணலாகவே இருக்கட்டும், அதிலொன்றும் குறைவில்லை. முட்டாளாக இருக்கும் உரிமையை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுங்கள் என்பதே நாம் கேட்பது. ஒருவருக்கு உச்சரிப்பையும் மற்றவருக்கு மூளையையும் பங்கிட வேண்டாம்.

யார் செய்வது என்றால் அதற்கும் விடை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. அதற்கு விளம்பரக்காரரின் பிஸ்கோத்தைப் பற்றிய கவலை குறைவு. கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தூரிகை பிடித்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரால் அமைந்த அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. தஞ்சையில் 1981 முதல் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய பேச்சுத் தமிழைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதித் தர அங்கே ஆள் கிடைக்காமலா போவார்கள்? கதைக்கு யாரும் காப்புரிமைத் தொகை கேட்கப் போவதில்லை. உரிமையாளர் 1747-லேயே மறைந்துவிட்டார். எட்டுக் கதை, எட்டு அத்தியாயம். ‘நீதி’ வரியை மட்டும் யாரும் எழுதக்கூடாதென்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடட்டும்.

ஆறு தூங்கும் கதையை முதலில் எடுப்பார்களானால் காட்சி பார்த்து வரைய ஓவியர்களைத் திருவையாற்றுக்கே அனுப்பலாம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் அடைத்து ஜூன் 12-ல் திறப்பதே வழக்கம். இடையிலுள்ள மாதங்களில் வந்தால் புஷ்யமண்டபப் படித்துறையில் கொள்ளிக்கட்டையே வேண்டாம், காவிரி நன்றாக உறங்கிக்கொண்டிருக்கும்.